முதியோர் இறுதிக்காலமும் நுகர்வினையும்

மீளாநோயுற்ற முதியவரொருவர்க்கு இட்ட செயற்கைச் சுவாசக் கருவியை நிறுத்துதல் கொலையாமோ, ஆகாதோ என்னும் வினா இக்காலத்து இல்லங்கள் பலவற்றில் எழுகின்றது. இதனைச் சித்தாந்த நெறிநின்று சிறிது ஆராய்வாம்.

உடம்பு நுகர்வினைக்கு ஈடாக வந்தது. அவ்வினை நுகர்ந்தே கழியும். ஆதலிற் கருவியை நிறுத்துதல் நுகர்வினை இடையில் அறுத்தலாம் எனச் சைவருட் சிலர் கருதுவர். அது பொருந்தாது. நுகர்வு நிகழ்தற்குப் பொறிகளும் அந்தக்கரணமும் வேண்டும். அவை மீளாவாறு ஒடுங்க, உயிர் கீழாலவத்தையில் அழுந்திக் கிடக்குங்கால், மின்விசையால் மூச்சினை மட்டும் ஓட்டுதல் எவ்வினையை நுகர்விக்கும்? வினை சடம், அதனைக் கூட்டுவானும் கழிப்பானும் இறைவனே யன்றிக் கருவியன்று.

அற்றேல், தமிழகத்துத் தென்மாவட்டங்களிற் சிற்சில ஊர்களில் மறைவாக நிகழ்ந்துவந்த தலைக்கூத்தலும் அத்தகையதன்றோ எனின், அன்று. முதியவர்க்கு எண்ணெய் முழுக்காட்டி, இளநீரைப் பலகாற் புகட்டி, சுரத்தை வருவித்து மாய்த்தல் அது. முன்னையது நாமிட்டதை நாமே எடுத்தல். பின்னையது இல்லாத நோயை உண்டாக்கல். அன்பினாற் செய்தோம் என்பார்க்கும் ஏறுவினை தப்பாது.

நாட்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டினைக் கொண்டுளது. உயிர்போக்கும் மருந்தூசி இடுதல் இன்றும் குற்றமே. ஆயின், 2018 மார்ச்சு 9-ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றத்து ஐவர் அமர்வு, இத்தகைய சிகிச்சை எனக்கு வேண்டா என ஒருவர் முன்னரே பத்திரம் எழுதிவைக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. 2023 சனவரியில் அதன் முறை எளிதாக்கப்பட்டது. இரு சாட்சிகள் முன்னர்க் கையொப்பமிட்டு, நோட்டரியிடமேனும் கெசட் பதிவுபெற்ற அதிகாரியிடமேனும் சான்று பெறுதல் போதும். அதன் பின்னரும் மருத்துவக் குழுக்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்தே கருவி நிறுத்தப்படும். எழுதாது அறிவிழந்தார்க்கு உற்றாரின் உடன்பாடு கேட்கப்படும்.

ஈண்டே எமக்கு ஐயம் மிகுகின்றது. முதியவர் வாய்விட்டு, "நான் உங்கட்குப் பாரம், என்னை விட்டுவிடுங்கள்" என்னுங்கால், அஃது அவர்தம் விருப்பமோ, மக்களின் முகக்குறிப்பும் மருத்துவமனைக் கணக்குச்சீட்டும் சொல்லுவித்த சொல்லோ? (பாகப்பத்திரத்திற் கைந்நாட்டு வாங்கும் திறம் நம்மவர்க்குப் புதிதன்று.) ஆகலின், அப்பத்திரம் உடல்நலமும் அறிவுத்தெளிவும் உள்ள காலத்தே, பொருளுரிமை யுடையார் அருகின்றி, தனித்திருந்து கேட்டு எழுதப்படல் வேண்டும். தாமே எழுதியதை மாற்றும் உரிமையும் அவர்க்கு உண்டென்பதை எடுத்துரைத்தல் கடன்.

கருவி நிறுத்திய பின்னர்ச் செய்வது யாதுமில்லை யெனச் சிலர் புறத்தே சென்று அமர்வர். நோவு தணிக்கும் மருந்து, வாய் நனைக்கும் நீர், உடலைத் துடைத்துப் புரட்டிவிடும் கை, நெற்றியில் திருநீறு, செவியில் ஐந்தெழுத்து: இவற்றுள் எதனையும் நிறுத்துமாறு அப்பத்திரம் கூறவில்லை.