துறைமுகத்துச் சங்கும் குளத்து மீனும்

முத்துச் சிப்பிக்கும் சங்குக்கும் பெயர்போன தூத்துக்குடிக் கரையில், விலைபோகாத காரணத்தால் ஒருவரும் பொருட்படுத்தாத சிறு சங்குவகை ஒன்றுண்டு. கற்களில் ஒட்டிக்கொண்டு, மற்றப் பிராணிகளின் ஓட்டைத் துளைத்து உள்ளிருக்கும் சதையை உண்டு ஜீவிக்கும் இதற்குப் பிராணி சாஸ்திரிகள் தாயிஸ் பைசீரியாலிஸ் எனப் பெயரிட்டிருக்கின்றனர். தூத்துக்குடித் துறைமுகத்தில் இச்சாதியின் பெண் சங்குகளில் ஆண்குறி முளைத்திருப்பது கண்டறியப்பட்டு, 2002-ஆம் வருஷத்தில் அவ்விவரம் பிரசுரமாயிற்று. வயலும் குளமும் உடையவர்களுக்கு இச்செய்தியினால் யாது பயன் என்று மிராசுதார் ஒருவர் என்னை வினவினார். அவருக்குக் கூறிய விடையையே சற்று விரித்து எழுதலானேன்.

கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டி வளர்ந்தால் வேகம் குறைந்து எரிபொருள் அதிகம் செலவாகும். இதனைத் தடுக்கும்பொருட்டு 1960-க்குப் பின்னர் டிரைபியூட்டில் டின் என்னும் வெள்ளீயச் சேர்க்கை கலந்த வர்ணத்தைக் கப்பல்களுக்குப் பூசலாயினர். வர்ணத்திலிருந்து அது சிறுகச் சிறுக ஜலத்தில் இறங்கும். ஒரு லிட்டர் ஜலத்தில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே சிலவகைச் சங்குகளுக்கு மேற்சொன்ன விகாரம் நேரிடுகின்றது. நம் கணக்கில் சொல்லுமிடத்து, சுமார் 250 ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் நிற்கும் குளத்து ஜலம் முழுவதிலும் கரைந்த ஒரே ஒரு கிராம்! இங்கிலாந்தின் பிளிமத் கரையில் 1970-ல் இது காணப்பட்டது. அங்குள்ள சங்கில் புதிதாய் முளைத்த உறுப்பு முட்டை வெளிவரும் வழியை அடைத்துவிட, பெண் சங்குகள் முட்டையிட மாட்டாமல் மாண்டன. பிரான்சு தேசத்து ஆர்க்கஷோன் குடாவில் சிப்பிக் குஞ்சுகள் தேறாமற் போகவே, 1982-ல் அந்நாட்டார் சிறு படகுகளுக்கு இவ்வர்ணத்தை விலக்கினர். எல்லாக் கப்பல்களுக்கும் பொதுவான சர்வதேச உடன்படிக்கை 2001-ல் எழுதப்பட்டு, 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. எனினும் துறைமுக வண்டலில் தங்கிய சரக்கு எளிதில் அழிவதன்று.

விஷமென்றால் கொல்லும் என்றே நாம் எண்ணுகிறோம். இவ்வகை வஸ்துக்களோ அவ்வளவு அற்ப அளவில் பிராணியைக் கொல்வதில்லை. அதன் உடலுக்குத் தவறான கட்டளை கொடுக்கின்றன. ஆண், பெண் என்னும் பேதமும், சினை பிடிக்கும் பருவமும் ஹார்மோன் எனப்படும் சுரப்புகளின் ஆணைப்படி நடப்பவை. தாலுகாக் கச்சேரியிலிருந்து கள்ள முத்திரையிட்ட தாக்கீது வந்தால் கிராம அதிகாரி மெய்யென்று நம்பி நிறைவேற்றிவிடுவாரல்லவா? சரீரமும் அவ்வாறே ஏமாறுகின்றது. தாக்கீது ஒரு வரியாயினும் ஒரு கட்டாயினும் விளைவு ஒன்றே. ஆகவேதான் அளவின் அற்பம் இங்கு ஆறுதலாகாது.

மீன்களின் விஷயத்தில் இது கானடா தேசத்தில் தீர்க்கமாகப் பரீட்சிக்கப்பட்டது. கருத்தடை மாத்திரையிலுள்ள ஹார்மோனை 2001 முதல் 2003 வரை ஒரு சிறு ஏரியில், நகரக் கழிவு ஜலத்தில் காணப்படக்கூடிய அளவிலேயே, அதாவது லிட்டருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் ஐந்தாறு பங்காகக் கலந்தனர். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கரு உண்டாவதற்குரிய புரதம் தோன்றிற்று. சிறு மீன்வகை ஒன்று அவ்வேரியில் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. மருந்தை நிறுத்திய சில வருஷங்களுக்குப் பின் அது மீண்டது என்பது நமக்குத் தைரியம் தருவதாகும்.

கழிவு ஜலத்தைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் அழுக்கையும் நாற்றத்தையும் கிருமியையும் போக்குவதற்காக அமைக்கப்பட்டவை. தெளிந்து வரும் ஜலத்தில் இவ்வஸ்துக்கள் முற்றும் நீங்கியிருக்கும் என்று கொள்ளலாகாது. பிளாஸ்டிக்கிலிருந்து வரும் பிஸ்பீனால்-ஏ, சோப்புத் திரவங்கள் சிதைந்து உண்டாகும் நானைல்பீனால் ஆகியவை காவேரியிலும் வெள்ளாற்றிலும் நமது தாமிரவருணியிலும் இருப்பதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. நானைல்பீனாலின் மூலப்பொருள் சில பூச்சிமருந்துகளிலும், மருந்து இலையில் பிடிப்பதற்காகச் சேர்க்கும் ஒட்டுத் திரவங்களிலும் உண்டு. தெளிப்பானை வாய்க்காலில் கழுவும் வழக்கம் நம்மவர்க்கு இருக்கும்வரையில் பட்டணத்தாரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. கழுவிய ஜலத்தை அதே வயலில் தெளித்துவிடல் வேண்டும்.

இனிக் குளங்களைக் குறித்து. மீன்பாசிக் குத்தகை எடுப்போர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வருஷந்தோறும் வாங்கி விடுகின்றனர். இவை தேங்கிய ஜலத்தில் இனவிருத்தி செய்யமாட்டா. ஆதலால் ஜலம் கெட்டு, மீன்கள் மலடானாலும், குத்தகைதாரருக்கு எடை குறையாது. குற்றம் வெளிப்படவும் செய்யாது. பார்க்க வேண்டியது நாட்டு மீன்களையே. மழைக்குக் குளம் பெருகிய பின், விரால் குஞ்சுகள் செந்நிறத்துடன் கூட்டமாய் மேலெழும்பித் திரிவதையும் தாய் தகப்பன் மீன்கள் காவல் காப்பதையும் கரையில் நின்றே காணலாம். கெளுத்தி, குறவை, சிறு கெண்டை ஆகியவற்றின் பொடிகளையும் கவனிக்க.

பொடி காணாததற்கெல்லாம் ஹார்மோன் கேடே காரணமென்று துணிவது பிழை. ஜிலேபிக் கெண்டை பெருகியிருத்தல், கண் சிறுத்த வலை, கோடையில் குளம் அடியோடு வற்றுதல் என வேறு காரணங்கள் பல. ஆகையால் பட்டணத்துச் சுத்திகரித்த ஜலம் சேரும் குளத்தையும், அருகே மழை ஜலம் மாத்திரம் பெறும் குளம் ஒன்றையும் ஒரே வாரத்தில் பார்த்து, இரண்டு மூன்று வருஷம் குறித்து வருதல் முறை. முதற்குளத்தில் மட்டும் நாட்டு மீன் பொடிகள் தொடர்ந்து அற்றிருப்பின், பெரிய மீன்கள் சிலவற்றை உயிருடனே மீன்வள இலாகாவினரிடம் சேர்ப்பிக்க. சினைப்பையை அறுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் விகாரம் புலப்படும். அத்தீர்ப்பு வருமட்டும் அந்த ஜலத்தைக் குளத்தில் விடாமல் தோப்புகளுக்கும் தீவனப் பயிருக்கும் திருப்பிக்கொள்வது உசிதம். மடை வைக்கும் இடத்தைக் கோடையிலேயே பார்த்து வைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் அவசரம் இராது.