ஒரு வீல் ஸ்டட்டும் ஊர்ப்பட்ட நம்பிக்கைகளும்

சென்னையை ஒட்டிய தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் பத்தாண்டுகள் தயாரித்த ஹெரால்டு, மதுரைக்குப் புதிதல்ல. டாக்டர்களும் வக்கீல்களும் மில் அதிகாரிகளும் ஓட்டிய கார் அது. அதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காராக 1962-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து வந்தது டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி. இரண்டிலும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது நான்கே நான்கு ஸ்டட்கள். அதில் ஒன்று ஒடிந்தால் பட்டறைகளில் கேட்கக் கிடைக்கும் யோசனைகளில் பாதி ஆபத்தானவை. பழைய காரை ஆசையாக வைத்திருப்பவர்கள் அவற்றை நம்பிச் சாலையில் இறங்கக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

“நாலில் ஒண்ணு போனா என்ன, மூணு இருக்குல்ல? மெதுவா ஓட்டுங்க.”

முதலில் கேட்பது இதைத்தான். சக்கரம் ஸ்டட்டின் மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. உண்மையில் நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும் விசையால் சக்கரத் தகடு டிரம்மோடும் ஹப்போடும் அழுந்துகிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் காரின் எடையையும் பிரேக்கின் உதைப்பையும் தாங்குகிறது. ஒரு ஸ்டட் போனால் அந்த இடத்தில் அழுத்தம் போய்விடும். தகடு லேசாக வாய் பிளக்கும். சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் பக்கத்து ஸ்டட்கள் வளைந்து வளைந்து நிமிரும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்து ஒடிக்கிறோமே, அதேதான் அங்கே நடக்கிறது. 13 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 550 முறை சுற்றும். மதுரையிலிருந்து மேலூர் சுமார் 30 கிலோமீட்டர். எவ்வளவு மெதுவாகப் போனாலும் அந்தப் பதினாறாயிரத்துச் சொச்சம் வளைவுகள் குறையப் போவதில்லை. ஒற்றை ஸ்டட் ஒடிந்த காரை வண்டியில் ஏற்றித்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒடிந்த துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முறிந்த முகத்தைத் துடைத்துப் பாருங்கள். வளைவு வளைவான மெல்லிய கோடுகளோடு ஒரு பகுதி வழவழப்பாகவும் மீதி சொரசொரப்பாகவும் இருந்தால், நட் தளர்ந்து பல நாள் ஓடியதில் உலோகம் களைத்து ஒடிந்திருக்கிறது. கழுத்து இளைத்து, முறுகி அறுந்திருந்தால் யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். எப்படி ஒடிந்திருந்தாலும் அதே சக்கரத்தின் மற்ற மூன்றும் அதே கஷ்டத்தை அனுபவித்தவைதான். நான்கையும் மாற்றுவதே சரி.

“பத்து எம்.எம். போல்ட்டும் இதுவும் ஒண்ணுதான்.”

ஒன்றல்ல. ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் உரிய ஸ்டட் 3/8 அங்குல யு.என்.எஃப். என்ற நுண்மரை வகை. அதன் விட்டம் 9.525 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை. பத்து எம்.எம். நட் ஒன்று அதில் இரண்டு மூன்று சுற்று ஏறிவிடும். கையில் பிடித்ததுபோலவும் தெரியும். ஆனால் விட்டமும் பொருந்தாது, மரை இடைவெளியும் பொருந்தாது. அது பிடித்திருப்பது மரையின் நுனியை மட்டும். நெடுஞ்சாலை பஞ்சர் கடையில் அவசரத்துக்குப் போட்ட இப்படிப்பட்ட நட்டே நல்ல ஸ்டட்டின் மரையைத் தின்றுவிடும்.

லாரி வேலை பார்த்துப் பழகியவர்கள் இடது சக்கரம் என்றாலே எதிர் மரை என்று நினைத்து, கழற்றுகிற திசையென்று எண்ணி இறுக்குவதும் உண்டு. பழைய லாரிகள் பலவற்றில் அது சரி. இந்தக் கார்களின் ஸ்டட்கள் இரண்டு பக்கமும் வலமரைதான். ஸ்போக் சக்கரம் போட்ட ஸ்பிட்ஃபயரின் நடு நட்டில் மட்டும்தான் பக்கத்துக்குப் பக்கம் மரை மாறும்.

“லேத்துல ஒண்ணு கடைஞ்சுக்கலாம்.”

மதுரை லேத் பட்டறைக்காரர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதூர் தொழிற்பேட்டையில் கேட்டால் முடியாது என்று சொல்லும் பொருள் குறைவு. சிக்கல் கம்பியில் இருக்கிறது. சாதாரண எம்.எஸ். ராடில் கடைந்த ஸ்டட், இறுக்கும்போதே நீண்டுபோய் மறுபடி சுருங்காது, அழுத்தம் தங்காது. ஸ்டட்டுக்கு வேண்டியது சூடேற்றிக் குளிர்வித்துப் பதம் செய்த உயர்ரக எஃகு. போல்ட் தலையில் 8.8, 10.9 என்று எண் போடுவது அந்த வலுவைச் சொல்லத்தான். மரையிலும் வித்தியாசம் உண்டு. லேத்தில் வெட்டிய மரை உலோகத்தின் இழைகளை அறுத்துவிடுகிறது. தொழிற்சாலையில் அழுத்தி உருட்டிய மரையில் இழைகள் அறுபடாமல் வளைந்து செல்வதால் களைப்பை அது அதிக காலம் தாங்கும்.

1911-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய குழுமத்திலிருந்து பிறந்ததே சுந்தரம் ஃபாசனர்ஸ். அதன் ஆலை ஒன்று நம் அருப்புக்கோட்டை சாலையில், ஆவியூர் பக்கத்துக் கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. போல்ட்டும் நட்டும் எவ்வளவு பெரிய தொழில்நுட்பம் என்று வேறு ஊருக்குப் போய்க் கற்க வேண்டிய நிலை நமக்கு இல்லை. டிரையம்ப் உதிரிபாகம் விற்கும் கடைகள் இங்கிலாந்தில் இன்றும் இருக்கின்றன. சரியான ஸ்டட்டை வரவழைத்துக்கொள்ளலாம். அதைப் பளபளப்புக்காகக் குரோம் முலாம் பூசக் கொடுத்துவிடாதீர்கள். அமிலத் தொட்டியில் ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால், உறுதி கூடிய எஃகு எச்சரிக்கை எதுவும் தராமல் உடையும்.

“சுத்தியல்ல தட்டி ஏத்தி, பின்னாடி ஒரு பொட்டு வெல்டிங் வெச்சா அசையாது.”

இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். பதம் செய்த எஃகில் வெல்டிங் சூடு பட்ட இடம், ஆறும்போது கண்ணாடித் தன்மை அடைந்து உடையத் தயாராகிவிடும். ஹப்பும் கோணும். பழைய ஸ்டட்டை வெளியே தள்ளவும் புதியதை உள்ளே ஏற்றவும் ஹைட்ராலிக் பிரஸ்தான் சரியான வழி. சக்கர நட்டைக் கொண்டே புது ஸ்டட்டை உள்ளே இழுப்பவர்கள், சாலையில் போகுமுன்பே அதன் மரையை இழுத்துவிடுகிறார்கள். ஸ்டட் தன் துளையில் சுழல்கிறது என்றால் துளையின் பற்கள் தேய்ந்துவிட்டன, ஹப்பையே மாற்ற வேண்டும். முன் ஹப் எளிதாகக் கழன்றுவரும். திரும்பப் போடும்போது பேரிங்கை இறுக்கி முடுக்காமல் துளி ஆட்டம் விட வேண்டும். பின் ஹப் அப்படியல்ல. கூம்பான அச்சில் கீயோடு இறுகி உட்கார்ந்திருக்கும். அதற்கென்று உள்ள கனத்த புல்லர் இல்லாமல் இரண்டு கால் புல்லரை மாட்டி இழுத்தால் ஹப்பின் தட்டு வளைந்துவிடும். பிறகு எத்தனை அலைன்மென்ட் பார்த்தாலும் சக்கரம் ஆடும்.

“இறுக்க இறுக்க நல்லது.”

இந்த ஸ்டட்டுக்கு உரிய முறுக்கு சுமார் 40 அடி-பவுண்டு. இன்றைய கார்களுக்கு உரியதில் ஏறக்குறைய பாதி. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஓர் அடி நீள வீல் ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால் 154 அடி-பவுண்டு விழும். காற்றுத் துப்பாக்கியும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மரையில் கிரீஸ் தடவியிருந்தால் அதே முறுக்கில் ஸ்டட் இன்னும் அதிகமாக இழுபடும். ஆகவே கம்பித் தூரிகையால் துரு நீக்கிச் சுத்தமாக வைத்தால் போதும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, நட்டின் கூம்பு முகம் துளையில் சரியாக உட்கார்கிறதா பார்த்து, எதிரெதிராகக் கையால் முடுக்கி, இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச்சால் முடிக்க வேண்டும். சக்கரத்துக்கும் டிரம்முக்கும் புதிதாகக் கனமாகப் பெயின்ட் அடித்திருந்தால், ஓட ஓட அந்தப் பூச்சு நசுங்கி நட் தளரும். அழகர்கோவில் வரை ஒருமுறை போய்வந்து, சக்கரம் ஆறிய பின் நான்கையும் மறுபடி சரிபாருங்கள். அடுத்த வாரமும் ஒருமுறை பாருங்கள்.