சோழ நாட்டுக் காதலுக்குள் முதன்முறை நுழைகிறவர்களுக்கு

மணிரத்னத்தின் இரண்டு படங்கள் 2022-லும் 2023-லும் வந்த பிறகு, சரித்திர நாவல் பக்கமே வராத பிள்ளைகள் பலர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். முதல் பாகத்தில் நூறு பக்கம் போய் நிறுத்திவிட்டவர்களும் நிறைய. அவர்களுக்காகவும், இன்னும் தொடங்காமல் தயங்கி நிற்பவர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

1. ‘பார்த்திபன் கனவி’லிருந்து தொடங்குங்கள். கல்கியின் முதல் சரித்திர நாவல் அது. அவர் 1941-ல் தொடங்கிய ‘கல்கி’ இதழிலேயே தொடராக வந்தது. அளவிலும் சிறியது, பாத்திரங்களும் குறைவு. உறையூர்ச் சோழன் பார்த்திபன் பல்லவரோடு பொருது களத்தில் விழுகிறான். அவன் மகன் விக்கிரமன், அதே பல்லவப் பேரரசன் நரசிம்மவர்மனின் மகள் குந்தவியின் மேல் மனம் வைக்கிறான். தந்தைக்குக் கொடுத்த வாக்கு ஒருபுறம், அந்தப் பெண் ஒருபுறம். இந்த வகைக் கதைக்கு அடித்தளமான சிக்கல் இதுதான். இங்கே பழகிக்கொண்டால் பெரிய நாவல்களில் திணறமாட்டீர்கள். இந்தக் குந்தவி கல்கி படைத்த பல்லவ இளவரசி; பின்னால் நீங்கள் சந்திக்கப் போகும் சோழ இளவரசி குந்தவை வரலாற்றில் வாழ்ந்தவர். இருவரையும் ஒருவராக்கிவிட வேண்டாம்.

2. வாரம் ஒரு முறை வந்த கதை என்பதை நினைவில் வையுங்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டு தொடராக வந்தது. வீடுகளில் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்துப் படித்தார்கள். அத்தியாயத் தொடக்கத்தில் போன வாரத்தை ஞாபகப்படுத்துவதும், முடிவில் யாரோ ஒருவர் இருட்டில் வந்து நிற்பதும் அதனால்தான். ஒரே மூச்சில் நூற்றைம்பது பக்கம் படித்தால் இவை அலுக்கும். நாளுக்கு மூன்று நான்கு அத்தியாயம் போதும். அடுத்தது என்ன என்று ஓர் இரவு யோசித்துக்கொண்டு படுக்கிற சுகத்தை இழக்காதீர்கள்.

3. ஒரு தாளில் சோழர் வம்சத்தை வரைந்து புத்தகத்துக்குள் வையுங்கள். முதல் பராந்தகன். அவன் மக்களில் கண்டராதித்தன், அரிஞ்சயன். கண்டராதித்தன் மறைந்தபோது அவன் மகன் குழந்தை. ஆகவே பட்டம் தம்பி அரிஞ்சயனுக்குப் போய், அவன் வழியில் சுந்தர சோழனுக்கு வந்தது. சுந்தர சோழனின் பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன். கண்டராதித்தனின் அந்தக் குழந்தைதான் வளர்ந்து உரிமை கேட்டு நிற்கும் மதுராந்தகன். இந்த ஒரு தாள் இருந்தால், மதுராந்தகன் பக்கம் நிற்கும் பழுவேட்டரையர்கள் ஏன் நள்ளிரவில் கடம்பூர் மாளிகையில் கூடுகிறார்கள் என்பது சட்டென்று பிடிபடும். அருள்மொழிவர்மர், பொன்னியின் செல்வர், ராஜராஜர் எல்லாம் ஒருவரே என்பதையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இது. பொறுமையாகக் கேளுங்கள்.

காதல் காட்சி ஒவ்வொன்றிலும், இந்த இருவருக்கும் நடுவில் நிற்பது எது என்று பாருங்கள். நல்ல சரித்திர நாவலில் அங்கே நிற்பது வரலாறு: ஒரு வாரிசுரிமை, ஒரு போர், ஒரு சபதம், பிறப்பைப் பற்றிய ஒரு வதந்தி. குந்தவை சோழ நாட்டைவிட்டு வேறு நாட்டுக்கு வாழ்க்கைப்படுவதில்லை என்று தீர்மானித்தவள். அந்தத் தீர்மானத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, அரசிழந்த வாணர் குலத்து வாலிபன் வந்தியத்தேவன் ஓலையோடு அவள் முன்னால் வருகிற இடத்தைப் படியுங்கள். அவனுக்கு ஆள நாடில்லை. ஆகவே அவனை மணந்தால் அவள் காவிரிக் கரையை விட்டுப் போக வேண்டியதில்லை. காதலும் அரசியலும் அங்கே பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன. நந்தினியையும் ஆதித்த கரிகாலனையும் பாருங்கள். பழையாறையில் சிறு வயதில் முளைத்த அன்பை அரண்மனைப் பெரியவர்கள் அவள் பிறப்பைக் காட்டிப் பிரித்தார்கள். ஒரு பேரரசே ஆட்டம் காணும் அளவுக்கு அந்தக் காயம் வளர்கிறது.

நாயகனுக்குக் கவசமும் நாயகிக்கு மேகலையும் அணிவித்துவிட்டு, இன்றைய கல்லூரிக் காதலை நடத்துகிற நாவல்களும் உண்டு. இருவரும் ஒருவரையொருவர் தவறாக எண்ணிக்கொண்டு இருநூறு பக்கம் பிரிந்திருப்பார்கள். ஆண்டையும் மன்னன் பெயரையும் மாற்றினாலும் அந்தக் கதைக்கு ஒன்றும் ஆகாது. அப்படிப்பட்ட புத்தகத்தை மூடி வைப்பதில் பாவமில்லை.

5. முடிவு தெரிந்த கதைதானே என்று சொல்லாதீர்கள். 642 வாக்கில் வாதாபி பல்லவரிடம் விழுந்தது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படிக்கிற எவருக்கும் அது முன்பே தெரியும். ஆனால் சிவகாமி என்ன ஆவாள்? ஆயனச் சிற்பியையும் அவர் மகளையும் எந்தச் செப்பேடும் அறியாது. அருள்மொழி மன்னனாவது உறுதி. கோடிக்கரைப் படகுக்காரி பூங்குழலியின் கதி உறுதியில்லை. மன்னர்கள் வரலாற்றின் கையில் இருக்கிறார்கள். கற்பனை மாந்தர் ஆசிரியர் கையில். உங்கள் நெஞ்சு படபடப்பது இவர்களுக்காகத்தான். அதனால் யாரையும் சில்லறைப் பாத்திரமென்று கடந்துபோகாமல், ஓடக்காரியையும் சிற்பியையும் வைத்தியர் மகனையும் கவனித்துப் படியுங்கள்.

6. கல்லில் இருப்பது எது, கற்பனை எது என்பதை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாசிப்பில் கதையோடு போங்கள்.

இரண்டாவது முறை தேடத் தொடங்கும்போது கிடைக்கிற ஆனந்தம் தனி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் அக்கா குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிக்கிறது. தந்தைக்கும் தாய்க்கும் குந்தவை அங்கே திருமேனி எழுந்தருளுவித்ததையும் கல்வெட்டுச் சொல்கிறது. அந்தக் கணவர் எப்படி அவர் வாழ்க்கையில் வந்தார் என்பதைக் கல் சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் கல்கி குதிரையில் ஒரு வாலிபனை ஏற்றி, ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் விட்டார். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் உறவினர் நிலங்கள் பறிக்கப்பட்டதை, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய பெயர்கள் அதில் உண்டு. நந்தினி என்ற பெயர் அதில் இல்லை, வேறெங்கும் இல்லை. அருள்மொழி அரசை உடனே ஏற்காமல் சிற்றப்பன் மதுராந்தகனுக்கு விட்டுக்கொடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கல்கி ஆதாரமாகக் கொண்ட நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறும், சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’மும் இன்றும் கிடைக்கின்றன. ஒரு பாகம் முடிந்ததும் அந்தக் காலத்துப் பகுதியை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

இதில் ஒரு கண்டிப்பு. நாவலாசிரியர் தம் மனத்தில் படைத்த ஒருவரைத் தங்கள் குலத்து மூதாதையென்று மேடையில் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். அந்த வேலைக்குக் கதையைத் துணை நிறுத்துவது எழுதியவருக்கும் அநீதி, வரலாற்றுக்கும் அநீதி.

7. சாண்டில்யனிடம் வரும்போது வேகத்தை மாற்றுங்கள். பாஷ்யம் ஐயங்கார் என்ற இயற்பெயர் கொண்ட அவர், குமுதத்தில் எழுதிய தொடர்களால் ஒரு தலைமுறையையே வாரக் கடைசிக்குக் காத்திருக்க வைத்தவர். கல்கிக்கு நதி என்றால் இவருக்குக் கடல். ‘கடல் புறா’வின் கருணாகரத் தொண்டைமான், கலிங்கப் போரை நடத்திய குலோத்துங்கனின் படைத்தலைவன்; செயங்கொண்டாரின் ‘கலிங்கத்துப் பரணி’யில் வருகிறவன். அவன் இளமையைக் கப்பலில் ஏற்றி ஸ்ரீவிஜயத்தின் பக்கம் அனுப்புகிறார் சாண்டில்யன். பாய்மரமும் காற்றும் போர்த் தந்திரமும் வரும் அத்தியாயங்களை ஒரு வரி விடாமல் படியுங்கள். பெண்ணின் அங்க வர்ணனை பக்கம் பக்கமாக நீளும்போது தள்ளிப் போகலாம், கதைக்கு நஷ்டமில்லை. கடல் புறாவில் காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும், ‘யவன ராணி’யில் பூவழகியும் ராணியும் என்று ஒரு வீரனுக்கு இரண்டு நாயகிகளை அவர் வைப்பார். வீரனின் தவிப்பு விரிவாகவே எழுதப்பட்டிருக்கும். அந்த இரண்டு பெண்களில் ஒவ்வொருத்தியும் எதை இழந்தாள் என்று நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

8. முடிந்தால் ஓர் இடத்துக்காவது போய் வாருங்கள். ஆனால் படித்த பிறகு. வீரநாராயண ஏரியாகிய வீராணமும் உடையார்குடி அனந்தீசுவரமும் காட்டுமன்னார்கோயிலை ஒட்டி அருகருகே இருக்கின்றன. கதை தொடங்கும் கரையையும் கொலைக்குச் சாட்சி சொல்லும் கல்லையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கும்பகோணத்துப் பக்கம் பழையாறை. அரண்மனை எதுவும் மிச்சமில்லை, வயலும் கோயிலும்தான். போவதானால் ஏரி நிறைந்திருக்கும் மாதமாகப் பார்த்துப் போங்கள்.

9. இவை முடிந்தபின் அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’, நா. பார்த்தசாரதியின் ‘மணிபல்லவம்’. பழமையில் ஆர்வமிருந்தால், திருகோணமலைக்காரரான சரவணமுத்துப்பிள்ளை 1895-ல் வெளியிட்ட ‘மோகனாங்கி’யைத் தேடுங்கள். தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படுவது அது. நாயக்கர் காலத்துக் காதல் கதை. அதன் நடை இன்று கடினம். பத்துப் பக்கம் சத்தம் போட்டுப் படித்தால் காதுக்குப் பழகிவிடும்.

10. ‘பொன்னியின் செல்வ’னின் கடைசியில் கல்கியின் முடிவுரை ஒன்று இருக்கிறது. யார் என்ன ஆனார்கள் என்று வாசகர் கேட்ட கேள்விகளுக்கு அவரே அதில் பதில் சொல்கிறார். ஐந்தாம் பாகம் முடியும்வரை அந்தப் பக்கங்களைப் புரட்டாதீர்கள். படித்து முடித்த நண்பர் யாராவது வாய் திறந்தால் அவரையும் தடுத்துவிடுங்கள்.