பல்லுக்குக் கம்பி, மனசுக்கு மார்க்

கேள்வி: எனக்கு 36 வயது. பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கிறேன். போன தடவை டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, 'களைத்துப்போய் வீடு திரும்பிய இரவிலும் கம்பியைச் சுற்றித் தேய்க்க முடியும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்?' என்ற மாதிரி கேள்விகளுக்கு மார்க் போடச் சொன்னார். பல்லைப் பார்க்காமல் மனசை ஏன் பார்க்கிறார்?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: பல்லைக் காப்பாற்றத்தான். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த கருத்து இது: ஒரு காரியத்தைச் செய்யும் முறை தெரிந்திருப்பது வேறு, 'என்னால் முடியும்' என்று நம்புவது வேறு. தேய்க்கும் முறை உங்களுக்குத் தெரியும். பதினோரு மணிக்குத் தூக்கம் சொக்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. அதனால்தான் கேள்விக்குள் களைப்பு, பயணம், விருந்து என்று ஒரு தடையைச் சேர்க்கிறார்கள். தடை இல்லாவிட்டால் எல்லாரும் நூற்றுக்கு நூறுதான்!

பிள்ளைகளை விரட்டித் தேய்க்கவைக்க அம்மா இருப்பார். உங்களை யார் விரட்டுவது? கம்பியைச் சுற்றி அழுக்குப் படலம் தங்கினால் எனாமலில் சுண்ணாம்புப் புள்ளிபோல வெள்ளைத் தழும்பு விழும், ஈறும் வீங்கும்.

டாக்டரை மகிழ்விக்க மார்க்கை அள்ளிப் போடாதீர்கள். மார்க் அதிகமாக இருந்தும், சாயம் தடவிப் பார்க்கும்போது பல்லில் அழுக்கு தெரிந்தால், கோளாறு தேய்க்கும் முறையில் இருக்கலாம். மார்க் குறைவு என்றால் இன்னொரு பிரஷ் வாங்கிப் பயனில்லை. இரவு ஒருவேளை மட்டுமாவது, இடுக்கு பிரஷ்ஷோடு, ஒரு வாரம் விடாமல் செய்யுங்கள். செய்து காட்டிய அனுபவத்தைப்போல நம்பிக்கை ஊட்டுவது வேறில்லை என்பதும் பண்டூரா சொன்னதுதான். அடுத்த தடவை அதே தாளைக் கேட்டு வாங்கி, மறுபடி மார்க் போடுங்கள்.