ஃபோம் கிரீடத்துக்குத் துணி போர்த்தும்போது

சுதந்திர தினம், குழந்தைகள் தினம், பள்ளி ஆண்டு விழா, மே மாதம் ஏற்காடு கோடை விழா என்று மலையில் மேடைக்குக் குறைவில்லை. வெள்ளக்கடை, நாகலூர் பக்கத்துப் பிள்ளைகள் அர்ஜுனனாகவும் காட்டெருமையாகவும் வேஷம் கட்டி ஏறுகிறார்கள். தெருக்கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்துச் செய்வார்கள். விடிய விடிய ஆடுகிறவர் தோளில் அது பாரமாக இருக்கக்கூடாது. பிள்ளைகளின் வேஷத்தில் அந்த இடத்துக்கு இப்போது ஃபோம் வந்திருக்கிறது. பெயின்ட் மட்டும் அடித்தால் மடங்கும் இடத்தில் வெடித்து உரியும். துணி போர்த்தினால் நிற்கும், பார்க்கவும் நிறைவாக இருக்கும். ஆனால் சேலத்துக் கடைக்காரர் சொல்லும் பக்குவம் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் அப்படியே பலிக்காது.

செய்ய வேண்டியவை

• கையில் இருப்பது எந்த ஃபோம் என்று முதலில் பாருங்கள். யோகா பாய் போலக் கெட்டியாக வளைவது ஈவிஏ ஷீட். அது பசையை உறிஞ்சாது. மெத்தைக்குள் இருக்கும் ஸ்பாஞ்சு உறிஞ்சிக்கொள்ளும், அதனால் மெல்லிசாக இரண்டு தடவை தடவ வேண்டும். வெள்ளையாக, மணிமணியாக உதிர்வது தெர்மாகோல்.

• விளிம்பையும் இணைப்பையும் உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். துணி எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்று நம்புவது தப்பு. சாட்டின் சின்ன மேட்டைக்கூடக் காட்டிக்கொடுக்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு வெல்வெட்தான் என் சிபாரிசு. கொஞ்சம் இழுபடுகிற வெல்வெட் கிடைத்தால் இன்னும் நல்லது.

• வெல்வெட்டை உள்ளங்கையால் தடவி, ரோமம் எந்தப் பக்கம் படிகிறது என்று பார்த்து, எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு தோள் கறுத்தும் மறு தோள் வெளுத்தும் தெரியும்.

• செய்தித்தாளில் அளவு எடுத்து, மடிப்புக்குச் சுற்றிலும் 2 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். துணி போதாமல் போனால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போய்வர வேண்டியிருக்கும்.

• செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் சொல்யூஷன்தான் ஈவிஏவுக்குப் பொருத்தம். ஃபோமிலும் துணியின் பின்பக்கத்திலும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர விட்டு, பிறகு அழுத்த வேண்டும். இங்கேதான் மலைக்கு என்று ஒரு விஷயம் இருக்கிறது. சொல்யூஷனில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது தடவிய இடம் குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படியும், பசையின் மேல் வெள்ளை பூத்தாற்போல ஒரு மங்கல் தெரியும். அதன் மேல் துணியை வைத்தால் அப்போதைக்கு ஒட்டியதுபோல் இருந்து மேடையில் கழன்றுவிடும். ஆகவே பனி விலகி வெயில் ஏறிய பிறகே டப்பாவைத் திறங்கள். ஃபோமையும் துணியையும் முன்கூட்டியே வெயிலில் காட்டி எடுங்கள். மங்கல் தெரிந்தால் அது மறையும்வரை காத்திருந்து, இன்னொரு பூச்சு கொடுங்கள்.

• நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி நீவுங்கள். உட்பக்கம் வளையும் ஓரத்தில் மடிப்புத் துணிக்கு நேர்வெட்டு கொடுத்தால் விரிந்து கொடுக்கும். வெளிப்பக்கம் வளையும் ஓரத்தில் முக்கோணமாகக் கத்தரித்தால் துணி குவியாது. எந்த வெட்டும் ஃபோம் விளிம்புக்கு 3 மி.மீ. முன்பே நின்றுவிட வேண்டும்.

• காட்டெருமைக் கொம்புக்கு முழுத்துணி சரிப்படாது. தையற்காரரிடம் சொல்லி கிராஸ் பீஸாக வெட்டி வாங்குங்கள். குறுக்கு வெட்டுத் துணி இழுபடும், வளைவில் சுருக்கம் விழாமல் படியும். நுனியிலிருந்து சுற்றிக்கொண்டே வந்து, கடைசி ஓரத்தைக் கொம்பின் உட்பக்கம் முடியுங்கள். காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளை. வெள்ளை சாக்ஸ் போட்டுவிட்டால் பிள்ளை அச்சு அசலாக இருப்பான்.

• தலையிலும் தோளிலும் படுகிற உட்பக்கத்துக்குப் பழைய பருத்தி வேட்டித் துணி ஒட்டுங்கள். வெறும் ஃபோம் வேர்வையில் அரிக்கும்.

செய்யக்கூடாதவை

• தெர்மாகோலில் ரப்பர் சொல்யூஷன் தொடவே கூடாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து குழியாகும். அதற்கு வெள்ளை ஃபெவிகால் போதும், ஆனால் இந்தக் குளிரில் ஒரு ராத்திரி முழுக்கக் காய விட வேண்டும். அதே ஃபெவிகாலை ஈவிஏவில் பூசாதீர்கள். பிடிக்காது, மெல்லிய துணியில் கறையும் ஊறும்.

• குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு சொல்யூஷன் தடவாதீர்கள். அதன் ஆவி தலைசுற்ற வைக்கும், சுலபமாகத் தீயும் பிடிக்கும். விறகடுப்போ கேஸ் அடுப்போ எரிகிற வீட்டுக்குள் இந்த வேலையே வேண்டாம். சீக்கிரம் உலரட்டும் என்று ஹேர் டிரையர் காட்டுவதும் ஆபத்து. திண்ணையில் உட்கார்ந்து செய்யுங்கள், சின்னப் பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

• துணியை விறைக்க இழுக்காதீர்கள். ஃபோம் வளைந்துகொண்டு கிரீடம் கோணலாகும்.

• ஒட்டிய பிறகு அயர்ன் பாக்ஸ் வைக்காதீர்கள். ஈவிஏ சுருங்கிவிடும். சுருக்கத்தை முன்னாலேயே எடுத்துவிட வேண்டும், வெல்வெட்டாக இருந்தால் பின்பக்கமாக.

• குளூ கன்னை வெளிப்பரப்பில் பயன்படுத்தாதீர்கள். கட்டி கட்டியாக மேலே தெரியும். உள்மடிப்புக்கு மட்டும் சரி.

• முகமூடியில் மூக்கையும் வாயையும் துணியால் அடைக்காதீர்கள். கண் துளை தாராளமாக இருக்கட்டும், மேடைப் படி பிள்ளையின் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

• விழா முடிந்ததும் வேர்வை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் போடாதீர்கள். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் உலர்த்தி, உள்ளே காகிதம் அடைத்து, பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் அடுத்த வருஷம் தம்பியோ தங்கையோ போட்டுக்கொள்ளலாம்.

• விழாவுக்கு முந்தின ராத்திரி இந்த வேலையைத் தொடங்காதீர்கள். துணி ஒட்டிய வேஷத்தை இரண்டு நாளாவது காற்றோட்டமான இடத்தில் வைத்திருங்கள். சொல்யூஷன் வாசம் அடியோடு போகாத எதையும், பரிசே போனாலும் பரவாயில்லை, பிள்ளையின் தலையில் மாட்டாதீர்கள்.