இரண்டு மாதமாகக் கப்பலில் சம்பளம் இல்லையா? இனியும் காத்திருக்காதீர்கள்

கப்பலில் சம்பளம் நின்றுபோனால் பெரும்பாலான பையன்கள் கேப்டன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அடுத்த போர்ட்டில் வந்துவிடும் என்பார் அவர். பாவம், பல நேரம் அவருக்கே வந்திருக்காது. ஆனால் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் பாதுகாப்புக்கெல்லாம் வரம்பும் கெடுவும் உண்டு. நீங்கள் பொறுமை காக்கக் காக்க உங்கள் பணம்தான் கைநழுவிப் போகிறது.

2006-ல் ஜெனீவாவில் உருவான கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை, கப்பலில் எல்லோரும் எம்.எல்.சி. என்று சொல்வதை, இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி மாதம் ஒரு முறையாவது சம்பளம் வந்தாக வேண்டும். அதற்கான கணக்குச் சீட்டையும் மாதாமாதம் கையில் தர வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் தராமல் முதலாளி உங்களோடு தொடர்பை அறுத்துக்கொண்டால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் கைவிடப்பட்ட மாலுமி.

அந்த நிலைக்காகவே 2017 ஜனவரி 18 முதல் கட்டாயக் காப்பீடு நடைமுறையில் இருக்கிறது. உங்களை ஊருக்கு அனுப்பும் செலவு, அதுவரை சாப்பாடு, தண்ணீர், மருத்துவம், பாக்கிச் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம். சம்பளத்துக்கு மட்டும் உச்சவரம்பு நான்கு மாதம். பத்து மாதம் பொறுத்திருந்தவருக்கும் காப்பீட்டில் கிடைப்பது நான்கு மாதச் சம்பளம்தான். மீதிக்குக் கோர்ட் வாசலில் நிற்க வேண்டும். அதனால்தான் இரண்டாவது மாதம் முடிந்ததும் எழுத்தில் புகார் கொடுங்கள் என்கிறேன்.

இந்தக் காப்பீட்டுச் சான்றிதழை மாலுமிகள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் மெஸ் ரூம் பக்கம் நோட்டீஸ் போர்டில் இருக்கும். ஏறிய முதல் நாளே அதைப் போனில் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கப்பலின் பெயர், ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண், காப்பீடு கொடுத்தவரின் முகவரி, காலாவதித் தேதி நான்கும் தெளிவாக விழ வேண்டும். முதலாளியோ கேப்டனோ நடுவில் இல்லாமல் நீங்களே, அல்லது உங்கள் சார்பில் வேறொருவர், அந்த நிறுவனத்திடம் நேரடியாகப் பணம் கேட்கலாம்.

புகாரை முதலில் கப்பலிலேயே எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால், நிற்கும் துறைமுகத்தின் கப்பல் ஆய்வு அதிகாரி, கப்பல் பதிவாகியிருக்கும் கொடி நாடு, ஐ.டி.எஃப். என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் என்று எல்லோருக்கும் அனுப்புங்கள். சம்பளப் பாக்கிக்காக ஆய்வு அதிகாரி கப்பலையே தடுத்து நிறுத்த முடியும். புகார் செய்தவரைப் பழிவாங்குவதை எம்.எல்.சி. தடை செய்கிறது.

'இறங்கிவிட்டால் சம்பளம் போய்விடும்' என்ற பயம்தான் பலரை மாதக்கணக்கில் கப்பலிலேயே கட்டிப்போடுகிறது. அந்தப் பயம் வீண். மாலுமியின் சம்பளத்துக்குக் கப்பலே பிணை. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தியாவின் அட்மிரால்டி சட்டம், கப்பல் மீதான கடல்சார் பற்றுரிமைகளில் மாலுமியின் சம்பளத்துக்கே முதலிடம் தருகிறது. கப்பல் கைமாறியிருந்தாலும், 'அது பழைய ஓனரின் கடன்' என்று வாங்கியவர் கைகழுவ முடியாது. வெளிநாட்டுக் கொடி பறந்தாலும், சென்னைத் துறைமுகத்தில் அந்தக் கப்பல் நிற்கும்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் அதைக் கைது செய்ய உத்தரவு வாங்கலாம். நீங்கள் ஊரில் இருந்துகொண்டே வழக்கறிஞர் மூலம் இதைச் செய்யலாம். ஆனால் சம்பளம் சேர வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கப்பல் கைதாகாவிட்டால் அந்த உரிமை அற்றுப்போகும்.

புரியாத காகிதத்தில் கையெழுத்து மட்டும் வேண்டாம். 2017-ல் எகிப்தின் அடாபியா துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்ட 'அமான்' கப்பலில் சிரியாவைச் சேர்ந்த தலைமை அதிகாரி ஒருவர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். நீதிமன்றம் அவரைக் கப்பலின் சட்டப் பாதுகாவலர் ஆக்கிவிட்டது. மற்றவர்கள் போய்விட, அவர் தனியாளாகக் கப்பலில் கிடந்தார். போனை சார்ஜ் செய்யவும் சாப்பாடு வாங்கவும் கரைக்கு நீந்திப் போக வேண்டிய நிலை. ஐ.டி.எஃப். பிரதிநிதி ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்ற பிறகே, 2021 ஏப்ரலில், ஏறத்தாழ நான்கு ஆண்டு கழித்து அவர் வீடு திரும்பினார். பாதிச் சம்பளத்தைக் காட்டி 'முழுக் கணக்கும் தீர்ந்தது' என்று நீட்டும் தாளும் இதே வகைதான். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், பாக்கித் தொகையை அதிலேயே எழுதிவிட்டுப் போடுங்கள்.

ஐ.டி.எஃப். கணக்குப்படி 2024-ல் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் கைவிடப்பட்டார்கள். அதில் 899 பேர் இந்தியர்கள், வேறெந்த நாட்டையும்விட அதிகம். இதற்கு ஊரில் இருக்கும் டுபாக்கூர் ஏஜென்ட்டுகளும் ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து. லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கொடுத்து ஏறியவனுக்குச் சம்பளம் நின்றாலும் இறங்க மனம் வராது. உண்மையில் வேலைக்காக ஏஜென்ட் உங்களிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், சி.டி.சி. என்ற மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் செலவு மட்டுமே உங்களுடையது. ஏஜென்ட்டுக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் இருக்கிறதா என்று டி.ஜி. ஷிப்பிங் என்ற கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் பாருங்கள். ஈக்வாசிஸ் தளத்தில் ஐ.எம்.ஓ. எண்ணைப் போட்டால் கப்பலின் வயது, முதலாளி, எங்கெல்லாம் பிடிபட்டது என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும். முதலாளி தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் அசல் ஒன்று உங்கள் கையில் இல்லாமல் ஏறாதீர்கள்.

கப்பலில் நெட் கிடைக்காமல் போகலாம், போனைப் பிடுங்கியும் வைக்கலாம். அதனால் ஒப்பந்தம், சி.டி.சி., காப்பீட்டுச் சான்றிதழ், மாதச் சீட்டுகள் எல்லாவற்றின் படங்களும் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். இரண்டாவது மாதமும் வங்கிக் கணக்கில் பணம் ஏறவில்லை என்றால், டி.ஜி. ஷிப்பிங்குக்கும் ஐ.டி.எஃப்.புக்கும் அவரே எழுதிவிடலாம்.