பெயர் காக்கும் ஏடு

நுழையும்முன்

பாடலோடு பாடியவர் பெயரையும் சேர்த்துக் காத்தது தமிழ் மரபு. பலர் கூடி ஆக்கும் கட்டற்ற மென்பொருளிலும் உழைத்தவர் பெயர் ஒவ்வொரு மாற்றத்தோடும் பதிவாகிறது. அப்பதிவில் ஒருவரே மூவராகத் தோன்றினால் என்ன நேரும்?

ஓர் ஊரும் ஒரு பெயரும்

ஆவடியை அடுத்துள்ளது கோவில்பதாகை. இவ்வூர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவோர் தகரத்திற்கு ஓரெழுத்தும் இடுவர், ஈரெழுத்தும் இடுவர். பெயர்ப்பலகையில் எழுத்து மாறினாலும் ஊர் இடம்பெயர்வதில்லை. வழி கேட்டு வருபவர் வந்து சேர்ந்துவிடுவார்.

கணினியின் நிலை வேறு. அதற்கு எழுத்தே ஆள். கோவில்பதாகையில் வாழும் ஒரு மாணவியின் பெயர் கயல்விழி எனக் கொள்வோம். ழகரத்தை ஆங்கிலத்தில் எழுத நம்மிடையே ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கங்கள் உண்டு. பள்ளிக் கணினியில் ஒருவகையாகவும் வீட்டுக் கணினியில் வேறுவகையாகவும் அவர் பெயரைப் பதிகிறார். கல்லூரியில் சேர்ந்தபின் தலைப்பெழுத்தை விரித்துத் தந்தை பெயரையும் சேர்க்கிறார். மின்னஞ்சல் முகவரியும் மாறிவிடுகிறது. மென்பொருள் திட்டத்தின் ஏட்டில் இப்போது மூன்று கயல்விழிகள்! முதற்பெயர், குடும்பப்பெயர் எனப் பிரித்துக் கேட்கும் படிவங்களும் தலைப்பெழுத்து வழக்குடைய நம்மவரைக் குழப்பத்தில் ஆழ்த்துகின்றன.

இதனைச் சிறு பிழையென ஒதுக்க இயலாது. அறுபது திருத்தங்கள் செய்தவர் இருபது செய்தவராகக் கணக்கிடப்படுவார். வேலைக்கு விண்ணப்பிக்கையில் தம் உழைப்பைச் சான்றாகக் காட்ட முடியாமல் தவிப்பார். திட்டத்தின் உரிமத்தை மாற்ற விரும்பினால், ஆக்கத்தில் உரிமையுடைய பங்களிப்பாளர்களின் இசைவைப் பெற வேண்டியிருக்கும். யார் எவரென்று தெரியாதபோது எவரிடம் இசைவு கேட்பது?

பழந்தமிழ் ஏடுகளில்

இச்சிக்கல் நமக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களின் அடியில் பாடியோர் பெயரைக் குறித்து வைத்தனர் முன்னோர். இயற்பெயர் கிடைக்காதபோது பாடலில் அமைந்த அரிய தொடரையே புலவர்க்குப் பெயராக்கினர். குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவர் செம்புலப்பெயல்நீரார் எனப் பெயர்பெற்றது இவ்வாறே. பெயரில்லை என்பதற்காகப் புலவரைக் கைவிடாத அந்தப் பண்பு வியத்தற்குரியது.

பெயர் இருந்தும் ஐயம் எழுவதுண்டு. நெடுநல்வாடை பாடிய நக்கீரரும் திருமுருகாற்றுப்படை பாடிய நக்கீரரும் ஒருவரா, இருவரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. அதியமானைப் பாடிய ஔவையார் வேறு. ஆத்திசூடி தந்த ஔவையார் வேறு. ஒருவர்க்குப் பல பெயர் வாய்ப்பது ஒரு சிக்கல். பலர்க்கு ஒரே பெயர் வாய்ப்பது மற்றொன்று. மென்பொருள் ஏட்டிலும் இவ்விரண்டும் நேர்கின்றன. இரண்டாம் சிக்கலில் மின்னஞ்சல் முகவரியே ஆளை வேறுபடுத்திக் காட்டும்.

1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளையொட்டித் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்னூல்களாக்கி இலவசமாக வழங்கி வருகிறது. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை நூலின் முகப்பிலேயே நன்றியுடன் குறிப்பது அதன் வழக்கம். ஊதியம் பெறாது உழைத்தவர்க்கு அந்த ஒருவரிக் குறிப்பே பரிசு.

திருத்தாமல் திருத்துதல்

மென்பொருள் ஆக்கத்தில் இன்று பெரிதும் பயன்படும் பதிவேடு 'கிட்' என்பதாகும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதனை உருவாக்கினார். இதில் ஒவ்வொரு மாற்றமும் 'கமிட்' எனப்படும். மாற்றத்தின் உள்ளடக்கம், செய்தவர் பெயர், முகவரி, நேரம், முந்தைய கமிட்டின் குறி ஆகியவற்றைக் கொண்டு 40 இடங்கள் உடைய அடையாளக் குறி ஒன்று கணக்கிடப்படுகிறது. பழைய கமிட் ஒன்றில் பெயரின் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் குறி மாறும். அதனைத் தொடர்ந்து வந்த கமிட்டுகள் அனைத்தின் குறிகளும் மாறும். சங்கிலியின் ஒரு கண்ணியை மாற்றப் புகுந்து சங்கிலி முழுவதையும் வார்க்க நேர்வது போன்றது இது. உடன் பணிபுரிவோர் வைத்திருக்கும் படிகளும் அதனோடு பொருந்தாமல் போகும்.

ஆகவே பழைய பதிவைத் தொடாமல், 'மெயில்மேப்' என்னும் சிறு கோப்பைத் திட்டத்தின் முதன்மை அடைவில் வைக்கின்றனர். பட்டியல் எடுக்கும்போது கிட் அக்கோப்பைப் பார்த்துப் பெயர்களை ஒன்றுசேர்த்துக் காட்டும். மூலத்தை அப்படியே விட்டுவிட்டு அடிக்குறிப்பில் விளக்கம் தரும் பதிப்பாசிரியரின் முறையை இது நினைவூட்டும். லினக்ஸ் கருநிரலிலும் இத்தகைய கோப்பு உண்டு.

தெரிந்து தெளிவோம்

மெயில்மேப் கோப்பின் ஒரு வரி: உரிய பெயர், உரிய முகவரி, பழைய பெயர், பழைய முகவரி என்னும் வரிசையில் அமையும். பழைய பெயரை வெளிக்காட்ட விரும்பாதவர் உரிய பெயரையும் முகவரிகளையும் மட்டும் எழுதினால் போதும். முகவரியைக் கொண்டே கிட் ஆளை அறிந்துகொள்ளும். எனினும் பழைய கமிட்டில் பழைய பெயர் இருந்துகொண்டே இருக்கும்.

பெயரொற்றுமையை மட்டும் கண்டு இருவரை ஒருவராக இணைத்துவிடுதல் பெருந்தவறு. ஒருவர் உழைப்பு மற்றவர் கணக்கில் சேர்ந்துவிடும். நக்கீரரிடம் கேட்டுத் தெளிய இன்று வழியில்லை. கயல்விழியிடம் கேட்கலாம். எந்த எழுத்தில், எந்தத் தலைப்பெழுத்துடன் தம் பெயர் நிற்க வேண்டும் என்பதை அவரே முடிவுசெய்து, தமக்குரிய வரியைத் தாமே எழுதி அனுப்பலாம். பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டதும் அவ்வரியும் ஒரு கமிட்டாக, அவர் பெயரிலேயே ஏட்டில் ஏறும்.